திறவுகோல் தொலைந்த சொத்து

கிரிப்டோகரன்சி எனப்படும் மறையாக்க நாணயமும் ஒரு சொத்துதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்ற நிறுவனத்தில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. 2024 ஜூலை 18-ஆம் தேதி அந்நிறுவனத்தின் மீது நடந்த இணையவழித் தாக்குதலில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அதைத் தொடர்ந்து வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. களவுபோனவை வேறு வகை நாணயங்கள், தம்முடையவை அல்ல என்பது மனுதாரரின் வாதம். கிரிப்டோகரன்சி தொட்டுணரத்தக்க பொருளும் அல்ல, செலாவணியும் அல்ல. ஆயினும் ஒருவர் உடைமையாகக் கொண்டு அனுபவிக்கவும், இன்னொருவரின் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் தக்க சொத்து என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வரையறுத்தார்.

நாணயத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தவர்களுக்கு இது பெரும் துணை. ஆனால், 'யாரையும் நம்ப வேண்டியதில்லை' என்ற வாக்குறுதியில் மயங்கித் தம் சொந்தக் கணினியிலேயே நாணயத்தை வைத்துக்கொண்டவர்களின் நிலை வேறு. கணினி பழுதாகி, இயங்குதளத்தை மறுபடி நிறுவியதில் அது மறைந்துபோனால், அவர்கள் யார்மீது வழக்குத் தொடுப்பது? சொத்து உண்டு, உரிமையும் உண்டு, எதிர்மனுதாரர்தான் இல்லை.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள நிலத்தோடு ஒப்பிடுவது நல்லது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடையில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருப்பதாகக் கொள்வோம். பட்டா தொலைந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. கிரயப் பத்திரம் கரையானுக்கு இரையானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் 'கண்டறிய இயலவில்லை' என்ற சான்று பெற வேண்டியிருக்கும், சில மாதங்கள் அலைச்சல், அவ்வளவே. தோட்டம் இருந்த இடத்தில் இருக்கும். காகிதம் சொத்துக்கு ஆதாரமே தவிர, காகிதமே சொத்து அன்று.

பிட்காயினிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே நேரத்தில் பேணப்படும் அந்தப் பேரேட்டை யாரும் அழிக்க முடியாது. ஆனால், அதில் உரிமையாளரின் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகவரியும், அதில் இருக்கும் தொகையும் மட்டுமே உண்டு. அத்தொகையை நகர்த்த அந்த முகவரிக்குரிய ரகசியத் திறவுகோலைக் கொண்டு கையொப்பமிட வேண்டும். அந்தத் திறவுகோல் மிகப் பெரிய ஓர் எண். அதை வைத்திருப்பவரே உரிமையாளர். தொலைத்தவருக்கு நகல் தர எந்த அலுவலகமும் கிடையாது.

'வாலட்' அதாவது பணப்பை என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அந்தப் பைக்குள் பணமே இல்லை, திறவுகோல்கள்தான் இருக்கின்றன. ஆகவே, 'கணினியை மறுநிறுவல் செய்ததில் என் பிட்காயின் அழிந்துவிட்டது' என்று ஒருவர் சொல்வது சரியன்று. பிட்காயின் பேரேட்டில் அப்படியே இருக்கிறது. அழிந்திருக்கக்கூடியது திறவுகோல் அடங்கிய ஒரு சிறு கோப்பு. அக்கோப்பு, அல்லது அதன் பிரதி, அல்லது அதை மீண்டும் உருவாக்கப் போதுமான சில சொற்கள், இவற்றில் ஏதேனும் ஒன்று எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்பதே மீட்பின் முதலும் முடிவுமான கேள்வி.

நம் ஊரில் இந்தக் கோப்பு தொலையும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். மடிக்கணினி மெதுவாகிறது, அல்லது வைரஸ் புகுந்துவிடுகிறது. ஏற்காட்டுக்காரர் அதை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குக் கொண்டுவருகிறார். கடைக்காரர் 'டி' டிரைவில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் தொடாமல், 'சி' டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறார். 'உங்க டேட்டா எல்லாம் அப்படியே இருக்கு சார்' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், பிட்காயின் கோர் போன்ற பழைய மென்பொருள்கள் 'வாலட்.டேட்' என்ற திறவுகோல் கோப்பை வைத்திருந்தது அதே 'சி' டிரைவில், பயனர் பெயருக்கு உட்பட்ட 'ஆப்டேட்டா' என்ற மறைகோப்புறையில். சாதாரணமாகத் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம் அது. கடைக்காரரும் பார்த்திருக்க மாட்டார், உரிமையாளரும் பார்த்திருக்க மாட்டார். விண்டோஸிலேயே உள்ள 'ரீசெட்' வசதியில் 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களும் நிம்மதி அடைய வேண்டியதில்லை. அது காப்பது ஆவணங்களையும் படங்களையுமே அன்றி, மென்பொருள்களின் மறைகோப்புறைகளை அன்று.

இந்நிலையில் முதலில் தெளிய வேண்டியது, தொலைந்தது எந்த வகைப் பணப்பை என்பது. நாணயம் பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கில் இருந்தால், கணினியில் இருந்து எதுவும் போகவில்லை. கடவுச்சொல்லை மீட்டு, அடையாளச் சான்றைக் காட்டி உள்ளே நுழைந்துவிடலாம். மெட்டாமாஸ்க் போல உலாவியோடு இணைந்து இயங்கும் பணப்பையாகவோ, எலக்ட்ரம் போன்ற செயலியாகவோ இருந்தால், தொடங்கும்போது அது 12 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டி, 'எழுதி வைத்துக்கொள்' என்று சொல்லியிருக்கும். அந்தச் சொற்கள் கையில் இருப்பவருக்குக் கணினியே தேவையில்லை. அதே மென்பொருளைப் புதிதாக நிறுவி, சொற்களை அதே வரிசையில் இட்டால் போதும்.

இட்ட பின்னும் இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரே சொல்வரிசையிலிருந்து எண்ணற்ற முகவரிகள் பிறக்கின்றன. எந்த வழியில் அவற்றைப் பிறப்பிப்பது என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு. பழைய பணப்பையின் முகவரிகள் புதியதில் தென்படாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிட்காயின் கோர் மென்பொருளிலோ சிக்கல் வேறு. 600 ஜிபிக்கு மேற்பட்ட முழுப் பேரேட்டையும் இறக்கி முடிக்கும் வரை அது சரியான இருப்பைக் காட்டாது. கிராமப்புற இணைய வேகத்தில் அது பல நாள் வேலை. அதற்குள் 'போய்விட்டது' என்று முடிவு கட்டிக் கோப்பை நீக்கிவிடுவது கொடுமை.

சொற்கள் இல்லை, கோப்பும் இல்லை என்றால்தான் வன்தட்டைத் துருவ வேண்டும். இங்கே உணர வேண்டியது: வன்தட்டில் ஒரு கோப்பை நீக்குவது, நூலகத்தில் புத்தகத்தை விட்டுவிட்டு அதன் அட்டவணைச் சீட்டை மட்டும் கிழிப்பது போன்றது. புத்தகம் அலமாரியில் கிடக்கும், அந்த இடத்தில் வேறு புத்தகத்தை வைக்கும் வரை. மறுநிறுவிய கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் புதிய புத்தகங்கள் அலமாரியில் ஏறுகின்றன. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதும், உலாவி தற்காலிகக் கோப்புகளைச் சேமிப்பதும்கூட அதில் அடங்கும். ஆகவே, உண்மை தெரிந்த கணமே கணினியை நிறுத்திவிட வேண்டும். வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, அதன் முழு நகலை வேறொரு தட்டில் எடுத்துக்கொண்டு, தேடலை நகலில்தான் நடத்த வேண்டும். மீட்பு மென்பொருளைத் தொலைந்த தட்டிலேயே நிறுவுகிறவர்கள் தேடுகிற பொருளைத் தாமே மிதிக்கிறார்கள்.

அதற்கு முன், ஒரே ஒரு எளிய சோதனை. ஃபார்மட் செய்யாமல் பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், பழைய கோப்புறைகள் எல்லாம் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரில் 'சி' டிரைவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆப்டேட்டாவும் அதற்குள் இருக்கும். பெரும் தேடல் எதுவுமின்றிப் பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும். ஆனால், பதிப்பு உயர்த்தலுக்குப் பிறகு விண்டோஸ் அக்கோப்புறையைப் பொதுவாக 10 நாட்களில் தானே நீக்கிவிடுகிறது. இடத்தைக் காலி செய்வதற்காக நாமே நீக்குவதும் உண்டு.

ஃபார்மட் செய்த தட்டில் வாய்ப்பு எவ்வளவு என்பது தட்டின் வகையைப் பொறுத்தது. பழைய சுழலும் வன்தட்டில் 'விரைவு ஃபார்மட்' அட்டவணையை மட்டுமே அழிக்கும். உள்ளடக்கம் பெரும்பாலும் தங்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கோப்பின் பெயரைத் தேடாமல், கோப்பு வகையின் தொடக்க அடையாளத்தைத் தேடிப் பிடிப்பவை. திறவுகோல் கோப்புக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு அது தட்டு முழுவதிலும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதன் பின் துருவிப் பயனில்லை. இப்போது பரவலாகிவிட்ட எஸ்எஸ்டி தட்டுகளில் நிலைமை இன்னும் கடினம். காலியான பகுதி எது என்று இயங்குதளம் 'டிரிம்' என்ற ஆணை மூலம் தெரிவித்தவுடன், தட்டே அப்பகுதியைத் துடைத்துவிடும். கணினியை வேகமாக்கும் அதே ஏற்பாடு மீட்பை ஏறக்குறைய இல்லாததாக்குகிறது. தட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்து, மறுநிறுவலில் அதன் பழைய திறவுகோலும் அழிந்திருந்தால், கிடைக்கும் துணுக்குகளும் பொருளற்ற இரைச்சலே.

தட்டு கைவிட்டாலும் வீடு கைவிடாமல் இருக்கலாம். பழைய பென் டிரைவ், பரணில் கிடக்கும் முந்தைய மடிக்கணினி, மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட இணைப்பு, கூகுள் டிரைவ், பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கம் என்று தேட இடங்கள் பல. வன்தட்டைத் துருவுவதைவிட இந்தத் தேடலே அதிகம் பலன் தரும் என்பது என் எண்ணம். ஆயினும் பழைய பிரதியிலும் ஒரு கண்ணி உண்டு. 2010 ஆகஸ்டில் ஒருவர், குறுந்தட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் பிட்காயின் மென்பொருளை இயக்கி, 9,000 பிட்காயின் வைத்திருந்தார். கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுத்த பின், சோதனைக்காக ஒரே ஒரு பிட்காயினைத் தனக்கே அனுப்பிப் பார்த்தார். பிட்காயினில் சில்லறை திரும்பும் முறை விசித்திரமானது: மீதித் தொகை பழைய முகவரிக்குத் திரும்பாமல், மென்பொருள் அப்போதே உருவாக்கும் புதிய முகவரிக்குச் செல்லும். மீதி 8,999 அப்படிச் சென்றது. கணினியை அணைத்ததும் நினைவகத்தில் இருந்த புதிய திறவுகோல் மறைந்தது. பென் டிரைவில் இருந்த பிரதியோ அதற்கு முந்தையது. பின்னர்தான் 100 திறவுகோல்களை முன்கூட்டியே உருவாக்கிக் கோப்பில் வைக்கும் ஏற்பாடு மென்பொருளில் வந்தது. அந்த 8,999 பிட்காயின் இன்றைய மதிப்பில் பல ஆயிரம் கோடி ரூபாய்.

கோப்பு கிடைத்துக் கடவுச்சொல் மறந்தவர்களும், சொற்களில் சில அழிந்துபோனவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இங்கே கணக்கு நமக்குத் துணை நிற்கிறது. மீட்புச் சொற்கள் அனைத்தும் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. பன்னிரண்டில் ஒன்று மட்டும் தெரியாவிட்டால் 2,048 முறை முயன்றால் போதும். இரண்டு தெரியாவிட்டால் ஏறத்தாழ 42 லட்சம் முறை. கணினிக்கு அது பெரிதன்று. பன்னிரண்டும் தெரிந்து வரிசை மட்டும் குலைந்திருந்தால் 47.9 கோடி வரிசைகள். அதுவும் எட்டும் தூரமே. பன்னிரண்டும் தெரியாவிட்டால், உலகின் கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் இயலாது. பாதுகாப்பு என்று எதைப் போற்றுகிறோமோ அதுவே இழப்பின் இறுதியும் ஆகிறது.

கடவுச்சொல் மீட்பில் அண்மைக்கால அதிசயம் ஒன்று 2024 மே மாதம் வெளியானது. ஐரோப்பியர் ஒருவர் 2013-இல் ரோபோஃபார்ம் என்ற மென்பொருள் உருவாக்கித் தந்த 20 எழுத்துக் கடவுச்சொல்லால் 43.6 பிட்காயினைப் பூட்டினார். கடவுச்சொல்லைச் சேமித்த கோப்பு பின்னர் சிதைந்துபோனது. ஜோ கிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவருடைய நண்பரும் அந்த மென்பொருளின் பழைய பதிப்பை ஆராய்ந்து, அது உருவாக்கும் கடவுச்சொற்கள் உண்மையில் தற்செயலானவை அல்ல, கணினியின் தேதியையும் நேரத்தையும் சார்ந்தவை என்று கண்டனர். கடிகாரத்தை 2013-க்குப் பின்னோக்கித் திருப்பி, அன்று பிறந்திருக்கக்கூடிய கடவுச்சொற்களை மீண்டும் பிறக்கச் செய்து பூட்டைத் திறந்தனர். மென்பொருளின் குறையே அவருக்கு வரமானது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோவெல்ஸ், ஏறத்தாழ 8,000 பிட்காயினின் திறவுகோல் இருந்த வன்தட்டை 2013-இல் தவறுதலாகக் குப்பையில் போட்டார். குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சொத்து எங்கே கிடக்கிறது என்று தெரிந்தும் தொட முடியாத நிலை.

2017-இல் செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம், 27.8 லட்சம் முதல் 37.9 லட்சம் வரையிலான பிட்காயின்கள் இப்படித் தொலைந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. மொத்தம் 2.1 கோடி மட்டுமே உருவாகக்கூடிய நாணயத்தில் இது சிறு பங்கு அன்று.

இத்தனை பேரின் துயரம் ஒரு தொழிலையும் பிறப்பித்திருக்கிறது. 'தொலைந்த பணப்பையை மீட்டுத் தருகிறோம்' என்று சமூக ஊடகங்களில் வலைவிரிப்போர் ஏராளம். முன்பணம் கேட்பவரும், 12 சொற்களை ஒரு பக்கத்தில் 'சரிபார்க்க' இடச் சொல்பவரும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பவரும் மோசடிக்காரர்கள். இதில் விதிவிலக்கு இல்லை. நேர்மையாக இத்தொழிலைச் செய்வோரும் உண்டு. மீண்ட தொகையில் பங்கு பெறுவது அவர்கள் வழக்கம். பணப்பைக் கோப்பு முழுவதையும் தராமல், கடவுச்சொல்லைச் சோதிக்கப் போதுமான மறையாக்கப் பகுதியை மட்டும் பிரித்துத் தர முடியும். அதைக் கொண்டு கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கலாமே தவிர, நாணயத்தை நகர்த்த முடியாது. ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். ஆனால், வங்கிக் கணக்கில் போன பணத்தை முடக்குவதுபோல் இதை முடக்கக் காவல் துறைக்கு எளிய வழி இல்லை.

வருமான வரித் துறையும் கைகொடுக்காது. 2022 முதல் இவ்வகை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. விற்றதில் ஏற்பட்ட நட்டத்தைக்கூட வேறு வருமானத்தில் கழிக்க இடமில்லை. தொலைந்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உரிமையாளர் இறந்துவிட்டால் சிக்கல் முற்றுகிறது. குவாட்ரிகாசிஎக்ஸ் என்ற கனடா நாட்டுப் பரிமாற்ற நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன், 2018 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது ஜெய்ப்பூர் மருத்துவமனையில் இறந்தார். திறவுகோல்கள் அவருடைய மடிக்கணினியில் மட்டுமே இருந்தன, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்று நிறுவனம் அறிவித்தது. 76,000-க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் திகைத்தனர். விசாரணையில் அப்பணப்பைகள் பல மாதங்களுக்கு முன்பே காலியாகிவிட்டன என்பதும், பணத்தைக் காட்டனே கையாடியிருந்தார் என்பதும் தெரியவந்தன. 'சாவி தொலைந்துவிட்டது' என்பதை உலகம் எவ்வளவு எளிதாக நம்பியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சாதாரணக் குடும்பங்களில் அது உண்மையாகவே நிகழும். வாரிசுச் சான்றிதழைக் கொண்டு வங்கியில் பணம் பெறலாம், பட்டாவை மாற்றலாம். பேரேட்டிடம் அந்தச் சான்றிதழ் செல்லாது.

மீட்புச் சொற்களின் பட்டியல் ஆங்கிலம் தவிர ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளில் அதிகாரபூர்வமாக உள்ளது. தமிழில் இல்லை, இந்திய மொழி எதிலுமே இல்லை. ஆங்கிலம் பழகாத தாயோ மனைவியோ, பீரோவில் கிடைக்கும் பன்னிரண்டு தொடர்பற்ற ஆங்கிலச் சொற்களைப் பார்த்து, யாரோ பாடம் எழுதிப் பழகிய தாள் என்று குப்பையில் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொற்களை அவர்களிடம் சொல்ல விருப்பமில்லை என்றாலும், அந்தத் தாள் எதற்குரியது என்பதையாவது தமிழில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கலாம்.

ஏற்காடு போன்ற இடங்களில் மழைக்கால ஈரமும் மூடுபனியும் காகிதத்தைப் பூஞ்சையாக்கும், மை கரையும். இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்க வேண்டும். சொற்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து வைப்போரும் உண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே ஆங்கிலப் பட்டியலில் அதைத் தனித்துக் காட்டிவிடும் என்பதால் அவற்றைப் பொறித்தால் போதும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது மட்டும் கூடாது. அந்தப் படம் எங்கெங்கே தானாகப் பிரதியாகிறது என்பது நமக்குத் தெரியாது.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அரை மணி நேரத்தில் முடியும். எழுதி வைத்த சொற்களை வேறொரு கருவியில் இட்டு, பழைய பணப்பை காட்டும் அதே முகவரி அங்கும் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தோன்றினால் 'சி' டிரைவை ஃபார்மட் செய்யச் சொல்லலாம். தோன்றாவிட்டால், கணினி எவ்வளவு மெதுவாக இயங்கினாலும் அதில் உள்ள நாணயம் முழுவதும் புதிய பணப்பைக்கு மாறிச் சேரும் வரை கடைக்காரர் கையில் கொடுக்கக் கூடாது.